மேசையில் கிடந்த சீட்டு

கோச்சடையில் நாங்கள் நாலு வருஷம் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் 'மாடி'. பால் ஊற்ற வருகிறவர் 'பால்'. மருந்துக் கடையிலிருந்து போன் வந்தால், "சொல்லுங்க மருந்து" என்பார். டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்து, முன்கூட்டியே வேலையை விட்டவர். ஆள் முகத்தைப் பார்த்தா வேலை செய்தோம், எந்த லைன் என்றுதானே பார்த்தோம், அந்தப் பழக்கம் போகவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால் நானும் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருக்காது.

முதன்முதலில் அவரை நான் புரிந்துகொண்டது கோலத்தில்தான். வாசல் இரண்டு வீட்டுக்கும் ஒன்று. மார்கழியில் பாதி அவர் போடுவார், பாதி நான் போடுவேன். எனக்குப் புள்ளி தவறினால் காலால் தேய்த்துவிட்டு மறுபடி வைப்பேன். எல்லாரும் செய்கிறதுதான். அக்கா தேய்க்க மாட்டார். ஒருநாள் தாமரைக் கோலத்தில் ஒரு வரிசையில் ஒரு புள்ளி கூடிவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வாத்து போட்டார். அம்புட்டுத் தாமரைக்கும் ஓரத்தில் ஒற்றை வாத்து.

"தேச்சுட்டுப் போட வேண்டியதுதானக்கா?"

"போட்ட சீட்டு போட்டதுதான், மாடி."

எனக்குத் திக்கென்றது. எங்கள் அப்பா வீட்டில் சீட்டு என்கிற வார்த்தையையே சொல்லக் கூடாது. விளக்கு ஏற்றுகிற வீட்டில் சூதாட்டப் பேச்சு ஆகாது என்பார். காலங்காத்தாலே கோலப்பொடியும் கையுமாக ஒரு பெண்பிள்ளை சீட்டு என்று சொன்னால் என்ன நினைப்பது?

இன்னொரு நாள் வெண்பொங்கலில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். கொட்டிவிட்டு வேறு வைத்திருக்கலாம். சாமிக்கு மட்டும் தனியாக ஒரு கைப்பிடி அரிசி பொங்கி வைத்தார். உப்புக் கரித்த பொங்கலை இரண்டு நாள் மோரில் கரைத்துக் கரைத்து அவரே குடித்துத் தீர்த்தார். "என் கைதானே போட்டுச்சு" என்றார். பிடிவாதமா, ரோஷமா, இல்லை தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிற தண்டனையா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் வாராவாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஏழு நாள் தப்பையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு லேசாக வீட்டுக்கு வருகிறவள். மன்னிப்பே கேட்காமல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒருத்தர் எப்படி இருப்பார் என்று பார்த்தால் பாவமாக இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

அவர் சுமந்தது வாத்தையும் பொங்கலையும் மட்டும் இல்லை.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். நாங்கள் குடிவரும்போதே அவர் படுக்கையில்தான் இருந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'ம்' என்று ஒரு சத்தம் வரும். அதிலேயே வேண்டும், வேண்டாம், வலிக்கிறது எல்லாம் அக்காவுக்குத் தெரியும். கட்டில் கூடத்தில் ஜன்னலோரம் கிடக்கும். கூடத்துக் கதவுக்கு முன்னால் கிரில் கேட். அதில் எப்போதும் பூட்டுத் தொங்கும். அக்கா சாவியை முந்தானையில் முடிந்திருப்பார். காய்கறி, மருந்து எல்லாம் கிரில் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகும். தெருவில் யார் கல்யாணத்துக்கும் அவர் வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த தெருப் பிள்ளையார் கோயிலுக்குக்கூட நான்தான் அவர் பேருக்குத் தேங்காய் உடைப்பேன்.

"ஒரு ஆளப் போட்டுக்கலாம்லக்கா? பகல்ல ரெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டா நீங்களும் கொஞ்சம் காலாற நடந்துட்டு வருவீங்க" என்று ஒருநாள் கேட்டேன். அன்றுதான் சொன்னார்.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த வாரம், வெளிநாட்டில் இருக்கிற மகன் போனில், "நல்ல ஹோமா பாத்துச் சேத்துரலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறான். மாமாவின் அக்கா காதில் அது விழுந்துவிட்டது. அந்த அம்மா கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். மறுநாளே நம்ம அக்காவைத் தங்கள் குலசாமி கருப்பு கோயிலுக்குக் கூட்டிப் போய், கையில் சூடத்தை வைத்துக் கொளுத்திவிட்டார். எரிகிற சூடத்தை அக்கா அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். இந்தக் கை இருக்கிற வரைக்கும் வேறு கை அவருக்குச் சோறோ தண்ணியோ கொடுக்காது என்று.

"அவுக கேட்டது, 'ஹோமுல சேக்க மாட்டேன்'னு ஒரு வார்த்த. நான்தான் ஆத்திரத்துல கூடச் சேத்துச் சொல்லிட்டேன்."

"அப்பக் கொறச்சுக்கலாம்லக்கா?"

"போட்ட சீட்டு" என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

கருப்பிடம் சூடம் அடித்த சத்தியம் என்றால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சு கிடையாது. போதாததற்கு, அதே வாரம் மாமாவின் அக்கா ஒருநாள் கஞ்சி ஊட்டப் பார்த்தாராம். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். சாமியே ஒத்துக்கொண்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அன்றிலிருந்து மூன்று வேளையும் அக்கா கை.

சீட்டு விவகாரம் எனக்குத் தெரிய வந்தது டேப் வந்த பிறகு. மகன் அப்பாவை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று சிலேட்டு மாதிரி ஒரு டேப் வாங்கி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் மகன் வருவான். மற்ற நாளில் அது சும்மா கிடந்தது. ஒரு மத்தியானம் நான் முருங்கைக்கீரை கொடுக்கக் கீழே போனால், மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடி நுனிக்கு இறங்க, அக்கா அதில் மூழ்கிக் கிடந்தார். பச்சைத் துணி விரித்த மாதிரி திரை. அதில் சீட்டு.

"இது என்னக்கா?"

"பிரிட்ஜு. உள்ள வா, பூட்டு தொறந்துதான் இருக்கு."

பூட்டு திறந்திருந்தது என்பதே எனக்கு அதிசயம்.

அவர் டெலிபோன் ஆபீஸில் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு நேரத்தில் மேலதிகாரிகள் மூன்று பேர் நாலாவது ஆள் கிடைக்காமல் தவித்தார்களாம். அக்காவைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அப்படிக் கற்றுக்கொண்டு, கூட வேலை பார்த்த ஒரு தோழியையும் இழுத்துவிட்டு, இரண்டு பெண்களும் ஜோடியாக ஆடிப் பல ஆண்களை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறார்கள். காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் நாலு திசையில் உட்கார வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. ஜோடியோடு பேசக் கூடாது, கண் ஜாடை கூடாது. எத்தனை சுற்று எடுப்போம் என்று ஏலம் கேட்கிறதிலேயே ஒருவர் மனசை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஹார்ட், டைமண்ட் என்று ஒரு சின்னத்தில் சீட்டு இறக்கினால், கையில் அந்தச் சின்னம் இருக்கிற வரைக்கும் மற்ற மூன்று பேரும் அதையேதான் இறக்க வேண்டும். இல்லாதவர்தான் வேறு சின்னம் போடலாம், துருப்புச் சின்னம் போட்டு வெட்டி அந்தச் சுற்றை எடுக்கவும் செய்யலாம். இது தலையாய விதி. கையில் வைத்துக்கொண்டு வேறு போட்டால் பெரிய அவமானம்.

டேப்பில் அக்கா தெற்கு. மற்ற மூன்று பேரும் கம்ப்யூட்டர். எதிரே இருக்கிற வடக்கு அக்காவின் ஜோடி. இதற்கெல்லாம் பெயர் வைக்கவே வேண்டியதில்லை, திசைதான் பெயர் என்பதில் அக்காவுக்குப் பரம சந்தோஷம்.

"இந்த வடக்கு இருக்கானே, நல்லவன். கோவமே படமாட்டான். ஆனா நான் எதுக்கு அந்த ரெண்டப் போட்டேன்னு அவனுக்கு வெளங்காது. என் ஜோடின்னா இன்னேரம் புருவத்தத் தூக்கியிருப்பா."

"கண் ஜாடை கூடாதுன்னீங்க?"

"ஆட்டம் முடிஞ்சப்புறம் தூக்குவா மாடி. அதுக்கே எனக்குக் கொல நடுங்கும்."

ஆறேழு வருஷமாகச் சீட்டைத் தொடாத கை. முதல் மாதம் தோற்றுக்கொண்டே இருந்தார். கேட்டதை எடுக்க முடியாது. எண்ணிக்கை மறந்துபோகும். மாமாவுக்கு மாத்திரை நேரம் வந்துவிடும், எழுந்து போவார். திரும்பி வந்தால் அந்த மூன்றும் அப்படியே காத்திருக்கும். அரை மணி நேரம் போனாலும் காத்திருக்கும். "நம்மளுக்காக இம்புட்டுப் பொறுமையாக் காத்திருக்கிறது இந்த மூணு பேருதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் நான் மேசையைத் துடைக்கும்போது என் விரல் திரையில் பட்டுவிட்டது. அக்கா கையிலிருந்து ஒரு ராஜா பொத்தென்று நடுவில் விழுந்தது. விழக் கூடாத நேரம் என்று எனக்கே தெரிந்தது. அடுத்த நொடி கிழக்கு அதை அடித்துத் தூக்கிக்கொண்டு போனது. நான் கையை உதறிக்கொண்டு நின்றேன். திரையின் ஓரத்தில் வளைந்த அம்பு மாதிரி ஒரு குறி உண்டு. அதைத் தொட்டால் போட்ட சீட்டு திரும்பக் கைக்கு வந்துவிடும். அக்காதான் முன்பு எனக்குக் காட்டியிருந்தார்.

"அந்த அம்ப அமுக்குங்கக்கா! என் கைதானே பட்டுச்சு, உங்க தப்பு இல்லியே."

"வேற கை பட்டாலும் விழுந்தது விழுந்ததுதான். கம்ப்யூட்டருக்கு இது என் சீட்டு."

அந்த ஆட்டத்தைக் கடைசி வரை ஆடித் தோற்றார். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த அம்பை அவர் தொட்டதில்லை. ஆனால் அந்தப் பெட்டி அவருக்குத் தெரியாமல் இன்னொரு பழக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு சின்னம் இருக்கும்போது வேறு சீட்டைத் தொட்டால், அந்தச் சீட்டு அசையாது. மங்கிப்போய்க் கிடக்கும். எது போடலாமோ அது மட்டும் பளிச்சென்று இருக்கும். தப்புப் போட நினைத்தாலும் அது விடாது. இது அப்போது எங்கள் இருவர் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

அந்தத் தோழியிடமிருந்து போன் வந்தது ஒரு ஆடி மாதத்தில். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமாவுக்குக் கால் நீவிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன், சொல்லு."

"எங்கூட ஆடுனவர் மக வீட்டோட போயிட்டாரு. வியாழக்கெழம மத்தியான ஆட்டத்துக்கு எனக்கு ஜோடி இல்ல. நீ வாரியா?"

"நான் எங்க வர..."

"எட்டு மாசமாக் கம்ப்யூட்டரோட ஆடுறேன் ஆடுறேன்ற. எதுக்கு ஆடுற? செத்தப்புறம் அங்க போயி ஆடவா? இந்த மாசம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வரலேன்னா அந்த வழுக்கத்தலையரோட உக்காந்துருவேன். அப்புறம் கேக்காத."

போனை வைத்த பிறகு அக்கா வெகுநேரம் ஒரே காலையே நீவிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் ஆட்டம் இல்லை என்று அன்று புரிந்தது. அந்த நாற்காலி போய்விட்டால், கிரில் கேட்டுக்கு வெளியே அவருக்கு என்று இந்த ஊரில் ஒரு இடம் இல்லை.

நான்தான் சொன்னேன். "ஒரு மணிக்குச் சோறு ஊட்டி, தண்ணி குடுத்துட்டுப் போங்க. மாமா நாலு மணி வரைக்கும் தூங்குவாரு. நாலரைக்கு வந்துருங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன். கை படாது."

மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வியாழக்கிழமை. இஸ்திரி போட்ட சேலை, கைக்கடிகாரம். கேட்டைத் திறந்து வெளியே வந்தவருக்கு ஆட்டோவில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தடுமாற்றம். "கை படாமப் பாத்துக்க மாடி" என்று மூன்று தடவை சொன்னார்.

மாமா நாலு மணி வரை தூங்கவில்லை. மூன்று மணிக்கே விழித்துக்கொண்டார். அன்று வெயில் நெருப்பு. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு இருமல், பிறகு இன்னொன்று. என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். 'ம்' என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். ஆட்டத்தில் போனை அணைத்து வைக்க வேண்டுமாம், போகவில்லை. முருகா முருகா என்று கட்டிலைச் சுற்றி நடந்தேன். கொட்டாம்பட்டிக் கருப்பை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அரிவாளோடு அந்தக் கூடத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. மாமா மறுபடியும் 'ம்' என்றார். இந்தத் தடவை சத்தம் சின்னதாக இருந்தது. தாகத்துக்குத் தண்ணி கேட்கிற வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிற சாமி இருக்குமா? இருந்தால் அந்தப் பாவம் எனக்கே வரட்டும் என்று, அக்கா செய்கிற மாதிரித் தலையணையை உயர்த்தி, ஸ்பூனில் கொடுத்தேன். குடித்தார். முகத்தைத் திருப்பவில்லை. நாலு ஸ்பூன் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு அக்கா வந்தார். நேராகப் போய் மாமா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மாடி, முப்பது வருஷத்துல செய்யாததச் செஞ்சுட்டேன்."

"என்னக்கா?"

"ஹார்ட் இறக்குனாங்க. எங்கிட்ட ஹார்ட் இல்லேன்னு துருப்பப் போட்டு வெட்டிட்டேன். அந்தச் சுத்து எனக்கு. அடுத்து நாந்தான் போடணும். சீட்ட விரிக்கிறேன், டைமண்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்குது ஹார்ட் ஏழு. செவப்போட செவப்பா."

"ஐயோ."

"டேப்புல அது விட்டிருக்காதுல்ல? துருப்பு அசஞ்சிருக்காது. எட்டு மாசம் அது என்னையப் பிடிச்சுப் பிடிச்சு நிறுத்துனதுல, நானே நிக்க மறந்துட்டேன்."

"யாரும் பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல. அந்த ஏழப் பின்னாடி சத்தமில்லாமக் கழிச்சிருக்கலாம். ஆனா அடுத்த சீட்டப் போடறதுக்கு முன்னாடி சொல்லிட்டா மாத்திக்கலாம்னு விதி இருக்கு. எனக்கு அது எப்பவோ தெரியும். அது மத்தவங்களுக்கான விதின்னு நெனச்சிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னேன். 'எங்கிட்ட ஹார்ட் இருக்கு, தப்பாப் போட்டுட்டேன்'னு. ஏழப் போட்டுத் துருப்ப எடுத்தேன். எடுத்தாலும் அது கைக்குள்ள வராது மாடி. மூஞ்சி தெரிய மேசையிலேயே கெடக்கணும். எல்லாரும் அதப் பாத்துக்கிட்டே நம்மள ஆடி அடிப்பாங்க. அடிச்சாங்க. தோத்தோம்."

"உங்க தோழி?"

"புருவத்தத் தூக்குனா." சட்டென்று சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அடுத்த வாரம் வரலேன்னா கொன்னுருவேன்னா."

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்ததைச் சொல்லிவிட்டேன். சிரிப்பு அப்படியே நின்றது.

"எத்தன ஸ்பூன்?"

"நாலு."

"மொகத்தத் திருப்பலையா?"

"திருப்பலக்கா."

திரும்பி மாமாவைப் பார்த்தார். ஏழு வருஷம் அவர் கையைத் தவிர வேறு கையில் வாங்காத வாய். வாங்காதது என்று எல்லாரும் சொன்ன வாய். அக்கா முகத்தில் வந்தது நிம்மதியா, இல்லை எதையோ பறிகொடுத்த மாதிரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

"யாருக்கும் தெரியாதுக்கா" என்றேன். "நான் செத்தாலும் வெளிய சொல்ல மாட்டேன்."

"அந்தச் சீட்டு மேசையிலயும் யாருக்கும் தெரியாதுதான்" என்றார்.

பிறகு, "அடுத்த சீட்டப் போடறதுக்குள்ள சொல்லிரணும்" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். அடுத்த வியாழனுக்குள் கருப்பிடம் போய்ச் சொல்லப் போகிறார் என்று புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, கருப்புகிட்ட வெளையாட வேணாம். வேணும்னா பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம்." எங்கள் வீட்டில் எந்தக் காரியத்துக்கும் அப்படித்தான். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, சாமி முன்னால் ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

"வெள்ளப் பூ வந்தா சாமி எடுத்ததா ஆயிரும் மாடி. போட்டது நானு. நாந்தான் எடுக்கணும்."

அன்றைக்கே மாமாவின் அக்காவுக்குப் போன் செய்தார். "மதினி, ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாரேன். நீங்களும் வரணும். நீங்க பாக்கத்தான் சத்தியம் பண்ணுனேன்."

ஞாயிறு காலை மாமாவுக்கு ஊட்டிவிட்டு, என் வீட்டுக்காரரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் கொட்டாம்பட்டி பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். அக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பெரிய ஊரைப் புதிதாகப் பார்க்கிற பிள்ளை மாதிரி கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார்.

கண்மாய்க் கரையில் கருப்பு. ஆளுயர அரிவாள் நாலைந்து நட்டிருந்தது. மாமாவின் அக்கா முன்னாலேயே வந்து நின்றிருந்தார். எழுபது வயதிருக்கும். அக்கா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொல்லி, இனி வியாழக்கிழமை மத்தியானம் 'மாடி' பார்த்துக்கொள்வாள், சோறும் தண்ணியும் கொடுப்பாள் என்றார்.

"சீட்டாடப் போறதுக்கா சத்தியத்த முறிக்கிற?" அந்த அம்மா குரலில் கோயிலே அதிர்ந்தது.

"ஆமா மதினி. கோயிலுக்குப் போறேன், ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னா நீங்களே சரின்னுருவீக. ஆனா நான் சீட்டாடத்தான் போறேன்."

"எந்தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எங்கிட்ட வந்து கேளுங்க. வாசல்ல நின்னு சத்தமாக் கேளுங்க."

பிறகு சூடத்தைக் கொளுத்திக் கல்லில் வைத்தார். இந்தத் தடவை அதை அடித்து அணைக்கவில்லை. கும்பிடவும் இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கருப்பா, ஏழு வருஷம் முன்னாடி உம் முன்னாடி ஒரு வார்த்த சொன்னேன். ஆத்திரத்துல என் அளவுக்கு மீறிச் சொல்லிட்டேன். இப்பத் திரும்ப எடுக்கறேன். அவர எங்கயும் தள்ளிவிட மாட்டேன்ங்கறது அப்படியே இருக்கு. 'வேற கை படாது'ன்னதத்தான் எடுக்கறேன். மறைக்கல. எல்லாரும் பாக்க வச்சுட்டேன். இதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடு. அவருக்குக் குடுக்காத. தண்ணி குடுத்த புள்ளைக்கும் குடுக்காத."

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது சூடம் தானாக எரிந்து அடங்கியிருந்தது. பூசாரி தட்டைக் கொண்டுவந்து மூன்று பேருக்கும் ஒரே மாதிரி திருநீறு கொடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. மாமாவின் அக்கா திருநீற்றைப் பூசிக்கொண்டு, எங்களை வீட்டுக்கு வரச் சொல்லாமல் போய்விட்டார்.

தண்டனை வந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டார்கள். சீட்டுக்காரி என்று பேர் வந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை அந்த வீட்டுக்கு வராமலே போனது. யார் கேட்டாலும் அக்கா மறுக்கவில்லை. "ஆமா, போறேன்" என்பார். சீட்டு அவர் சொன்ன மாதிரியே எல்லாரும் பார்க்க மேசையில் கிடந்தது.

இப்போது நாங்கள் வில்லாபுரத்தில் இருக்கிறோம். அக்காவைப் பார்த்து வருஷமாகிறது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த இரண்டாவது வியாழக்கிழமைதான். பாதி ஆட்டத்தில் ஆட்டோ வந்துவிட்டது. அக்கா டேப்பைக் கட்டில் ஓரம் அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். கேட்டைச் சாத்தினார். பூட்டவில்லை.

நான் ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து ஸ்பூனில் எடுத்தேன். திரையில் வடக்கும் கிழக்கும் மேற்கும் தங்கள் சீட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தன. தெற்குப் பக்கம் மட்டும் விட்டு விட்டு மின்னியது. மாமா வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பூட்டில்லாத கேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

வாயைத் திறந்தார்.